பனை வைத்தவர்: எடி பெய்னும் ஏஞ்சல்ஸ் அணியின் 2009 டிராஃப்டும்

2010 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரத்து ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி தன் ஸ்கவுட்டிங் டைரக்டர் (புது ஆட்களைத் தேடும் பிரிவின் தலைவர்) எடி பெய்னின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. ஏழு டிராஃப்ட் நடத்தியவரின் வேலை அதோடு முடிந்தது. அடுத்த பத்தே மாதத்தில், 2011 ஜூலை 8 அன்று, அவர் தேர்ந்தெடுத்த மைக் ட்ரவுட் அதே அணிக்காக, பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடினான். அன்று அவனுக்கு இன்னும் 20 வயது நிறையவில்லை. இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் என்று பிறகு பெரும்பாலோர் ஒத்துக்கொண்டது அவனைத்தான். கொண்டுவந்தவர் மட்டும் அப்போது அந்த அலுவலகத்தில் இல்லை.

இதை வெறும் துரதிர்ஷ்டக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு ஸ்கவுட்டிங் டைரக்டரின் வேலையை எப்போது அளப்பது, எதை வைத்து அளப்பது என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான உதாரணம் எனக்கு வேறு கிடைத்ததில்லை. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் ஊரில் சொல்வார்கள். பெய்ன் வைத்தது பனை. அணியின் முதலாளிகள் தென்னைக்கான கணக்கில் அவரை அளந்தார்கள் என்பது என் எண்ணம்.

வேலை என்ன

பேஸ்பால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பையன்களைத் தொழில்முறை அணிகள் எடுத்துக்கொள்ளும் வழி டிராஃப்ட். 1965இல் தொடங்கியது. ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கூட்டிக்கொண்டே போக முடியாது; வரிசைப்படிதான் எடுக்க வேண்டும். அப்போதெல்லாம் போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. உங்கள் முறை வரும்போது மிச்சம் இருப்பவர்களில் ஒருவரைச் சொல்லலாம், அவ்வளவுதான். பெய்ன் காலத்தில் 50 சுற்று நடக்கும். தேர்வாகிற பையன்களுக்கு 17, 18 வயதோ 21, 22 வயதோ இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக் மைதானத்தை மிதிக்காமலேயே போய்விடுவார்கள். முதல் சுற்றில் எடுத்தவர்களிலேயே கணிசமானவர்கள் தேற மாட்டார்கள்.

ஆட்களைத் தேடும் வேலை மூன்று படி. கீழே ஏரியா ஸ்கவுட். அவருக்கு இரண்டு மூன்று மாநிலம் ஒதுக்கியிருப்பார்கள். காரிலேயே குடியிருக்கிற மாதிரி சுற்றி, ஒரு பையனைப் பத்துத் தடவை பார்ப்பவர் இவர். நடுவில் கிராஸ்செக்கர். பல ஸ்கவுட்களின் பையன்களை ஒப்பிட்டுப் பார்ப்பது இவர் வேலை. மேலே டைரக்டர். நாடு முழுக்க இருந்து வரும் நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே பலகையில், ஒரே வரிசையில் அடுக்க வேண்டியவர் அவர். ஜார்ஜியாவில் வெயிலில் 40 ஆட்டம் ஆடிய பையனையும் நியூ ஜெர்சியில் மழைக்கும் குளிருக்கும் இடையே கொஞ்சமே ஆடிய பையனையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும். அந்த வரிசைதான் அவருடைய படைப்பு. மற்றதெல்லாம் அதற்கான தயாரிப்பு.

மதிப்பெண் 20இலிருந்து 80 வரை. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடிக்கும் திறன், அடியின் பலம், ஓட்டம், எறியும் கை, ஃபீல்டிங் என்று ஐந்துக்கும் தனித்தனி எண் போட வேண்டும். இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு என்று இரண்டு எண். இரண்டாவது எண்ணில்தான் சிக்கல் எல்லாம். பதினேழு வயசுப் பையனின் தோளையும் இடுப்பையும் பார்த்து, 25 வயதில் இவன் எப்படி இருப்பான் என்று எண் போடுவது சாதாரண வேலை இல்லை.

ஐந்தில் ஓட்டத்துக்கு மட்டும் கடிகாரமே சாட்சி. பந்து மட்டையில் பட்ட சத்தத்தில் ஸ்கவுட்டின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்தும். பையனின் கால் முதல் பேஸை (அடித்தவன் ஓடித் தொட வேண்டிய முதல் நிலையை) தொடும்போது இன்னொரு அழுத்து. வலது பக்கம் நின்று அடிப்பவனுக்கு 4.3 விநாடி என்றால் சராசரி. 4.0ஐ நெருங்கினால் பக்கத்தில் நிற்கிற ஸ்கவுட் எட்டிப் பார்ப்பார். அதற்கும் கீழே போனால் பலர் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்பார்கள்.

பெய்ன் எங்கிருந்து வந்தார்

பெய்ன் பிட்ச்சராக, அதாவது மட்டையாளனுக்குப் பந்து போடுபவராக, இருந்தவர். இடது கை. உயரம் 5 அடி 9 அங்குலம். பிட்ச்சர்களின் உலகத்தில் இது குள்ளம். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 1973இல் ஒரு பெர்ஃபெக்ட் கேம் போட்டார். எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை மிதிக்க விடாத ஆட்டம் அது. அதே வருஷ டிராஃப்டில் மின்னசோட்டா ட்வின்ஸ் அவரை 11ஆவது ஆளாக எடுத்தது.

அதற்கப்புறம் நடந்ததை அவருடைய வாழ்க்கைக்கே திறவுகோலாக நினைக்கிறேன். தேர்வான பையன்கள் வழக்கமாக மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் இரண்டு மூன்று வருஷமாவது பழகுவார்கள். பெய்னை ட்வின்ஸ் நேராக மேஜர் லீக்கில் இறக்கியது. 1973 ஜூலை 4, சுதந்திர தினம். மைதானத்தில் 40 ஆயிரத்துக்கும் அதிகமான கூட்டம். டிக்கெட் விற்பனையில் தள்ளாடிக்கொண்டிருந்த அணிக்கு அது பெரிய நாள். பையனும் ஏழு இன்னிங்ஸ் நன்றாகவே போட்டான். அதற்கு ஒரு வாரம் முன்னால் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் இதே காரியத்தை டேவிட் கிளைட் என்ற 18 வயது இடதுகைப் பிட்ச்சரை வைத்துச் செய்திருந்தது. அங்கும் அரங்கம் நிரம்பியது. இரண்டு பேருக்கும் பிறகு பெரிய வாழ்க்கை அமையவில்லை. பெய்னின் மேஜர் லீக் கணக்கு 7 வெற்றி, 13 தோல்வி. 1973, 1975, 1976 என்று மூன்று சீசன்.

ஒரு பையனை அவன் நேரத்துக்கு முன்னால் அளந்தால் என்ன ஆகும் என்பதைத் தன் உடம்பில் அறிந்த மனிதர் பிறகு ஸ்கவுட் ஆனார். டாட்ஜர்ஸ், டாம்பா பே போன்ற அணிகளுக்காக வருஷக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றினார். 2004 டிராஃப்டுக்கு முன் ஏஞ்சல்ஸ் அவரை டைரக்டராக எடுத்தபோது அவருக்கு 50 வயது தாண்டியிருந்தது.

முதல் வருஷமே

2004இல் அவர் எடுத்த மூன்று பேரைப் பார்த்தால் மனிதரின் போக்கு பிடிபடும்.

முதல் சுற்றில் 12ஆவது ஆளாக ஜெரட் வீவர். அந்த வருஷம் கல்லூரிகளின் சிறந்த பிட்ச்சர் என்று பேர் வாங்கியவன் 12 வரை வழுக்கி வந்தான். காரணம் ஆட்டம் இல்லை, பணம். ஏஜென்ட் ஸ்காட் போராஸ் கேட்ட தொகைக்குப் பயந்து மற்ற அணிகள் ஒதுங்கின. ஏஞ்சல்ஸ் எடுத்தது, ஏறக்குறைய ஒரு வருஷம் பேரம் இழுத்து, 2005 மே கடைசியில் 40 லட்சம் டாலருக்குக் கையெழுத்து ஆனது. வீவர் ஏஞ்சல்ஸுக்காக 150 ஆட்டம் ஜெயித்தான்; 2012இல் ட்வின்ஸுக்கு எதிராக நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) போட்டான்.

பதினான்காவது சுற்றில் நிக் ஏடன்ஹார்ட். மேரிலாந்துப் பையன். முதல் சுற்றில் போக வேண்டியவன், டிராஃப்டுக்குச் சில வாரம் முன்னால் முழங்கை ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை, ஒரு வருஷ ஓய்வு. எல்லாரும் அவன் கல்லூரிக்குப் போய்விடுவான் என்று விட்டுவிட்டார்கள். ஏஞ்சல்ஸ் 7 லட்சத்து 10 ஆயிரம் டாலர் கொடுத்து, சிகிச்சையையும் தானே பார்த்துக்கொண்டது.

பதினெட்டாவது சுற்றில் மார்க் ட்ரம்போ. உள்ளூர்ப் பையன். இவனுக்கும் சுற்றுக்குப் பொருந்தாத பெரிய தொகை, 14 லட்சத்துக்கும் மேல். பிட்ச்சர் என்று பார்க்கப்பட்டவன், ஏஞ்சல்ஸிடம் வந்து மட்டையாளன் ஆனான். 2016இல் பால்டிமோருக்காக 47 ஹோம் ரன் அடித்து மேஜர் லீக்கிலேயே முதலிடம் பிடித்தான்.

விலை, காயம் என்று மற்றவர்கள் பயந்து விட்ட பையன்களைக் கையைச் சுட்டுக்கொள்ளத் தயங்காமல் எடுப்பதுதான் இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது. முதலாளியின் பணத்தைக் கேட்டு வாங்குகிற தைரியம் டைரக்டரின் திறமையில் ஒரு பகுதி. ஸ்கவுட் எழுதுகிற அறிக்கையில் அது வராது.

கைக்கு வராத தேர்வுகள்

சரி, 2005 முதல் 2008 வரை என்ன ஆயிற்று? இங்கேதான் அவர்மேல் குறை சொல்பவர்கள் ஆரம்பிப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2006இல் முதல் சுற்றில் எடுத்த கேட்ச்சர் ஹேங்க் காங்கர் மாற்று ஆட்டக்காரராகவே காலம் தள்ளினார். 2007இல் முதலில் எடுத்த பிட்ச்சர் ஜான் பச்சனாவ் மேஜர் லீக்கைப் பார்க்கவில்லை.

ஆனால் 2007இல் அந்த முதல் தேர்வே மொத்த வரிசையில் 58ஆவது இடத்தில்தான் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதைய விதிப்படி, இன்னொரு அணியின் பெரிய ஃப்ரீ ஏஜென்டை (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய ஆட்டக்காரரை) நீங்கள் ஒப்பந்தம் செய்தால் உங்கள் முதல் சுற்றுத் தேர்வை அந்த அணிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஏஞ்சல்ஸ் ஆர்லாண்டோ கப்ரேராவை வாங்கியது. 2005இன் முதல் தேர்வு பாஸ்டனுக்குப் போனது. பாஸ்டன் அந்த 23ஆவது இடத்தில் ஜக்கோபி எல்ஸ்பரியை எடுத்தது. கேரி மேத்யூஸ் ஜூனியரை வாங்கியதில் 2007 போனது, டோரி ஹன்டரை வாங்கியதில் 2008 போனது. ஏழு டிராஃப்டில் மூன்றில் முதல் சுற்று வாசலிலேயே பெய்ன் நிற்கவில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளில் சமையல்காரரின் கைப்பக்குவத்தை எடை போட முடியாது.

அந்த வறட்சியிலும் 2005இன் பத்தாவது சுற்றில் பீட்டர் போர்ஜஸ், 2006இன் பன்னிரண்டாவது சுற்றில் ஜோர்டன் வால்டன் என்று மேஜர் லீக் வரை போனவர்களைப் பொறுக்கி எடுத்தார். என் கணக்கில் இவை முதல் சுற்று வெற்றிகளைவிடக் கனமானவை.

மில்வில் என்ற ஊர்

2008 ஜூலையில் ஏஞ்சல்ஸ் அட்லாண்டாவிடமிருந்து மார்க் டெஷேராவை வாங்கியது. அவர் ஏஞ்சல்ஸ் சட்டையில் ஆடியது சரியாக 54 ஆட்டம். சீசன் முடிந்ததும் நியூயார்க் யாங்கீஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அதே குளிர்காலத்தில் ஏஞ்சல்ஸின் பிட்ச்சர் ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ், நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸுக்குப் போனார். ரசிகர்களுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் இத்தனை வருஷம் ஏஞ்சல்ஸின் தேர்வுகளைத் தின்ற அதே விதி, இந்தத் தடவை அவர்களுக்கு வாரிக் கொடுத்தது. மெட்ஸின் 24ஆவது தேர்வும் யாங்கீஸின் 25ஆவது தேர்வும் ஏஞ்சல்ஸுக்கு. அதற்கு மேல் 40, 42, 48.

அந்த 25இல் ஒரு நூலிழை இருக்கிறது. யாங்கீஸ் அதே குளிர்காலத்தில் மில்வாக்கியிலிருந்து சி.சி. சபாத்தியாவையும் வாங்கியிருந்தது. இழந்த இரண்டு அணிகளில் எதற்கு யாங்கீஸின் முதல் சுற்று என்பதை ஆட்டக்காரர்களின் தரவரிசை முடிவு செய்யும். டெஷேராவின் எண் சபாத்தியாவின் எண்ணைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. மில்வாக்கிக்கு இரண்டாம் சுற்றுதான் கிடைத்தது.

இனி பையனிடம் வருவோம். நியூ ஜெர்சியின் தெற்கே மில்வில் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஜெஃப் ட்ரவுட் என்ற வரலாற்று ஆசிரியர். எண்பதுகளில் ட்வின்ஸின் மைனர் லீக் அணிகளில் நான்கு வருஷம் ஆடி, மேஜர் லீக் போகாமல் ஊர் திரும்பியவர். அவருடைய கடைசிப் பையன் மைக். அந்த மைனர் லீக் நாட்களில் ஜெஃபுடன் ஆடியவர்களில் ஒருவர் கிரெக் மோர்ஹார்ட். அவரும் மேஜர் லீக் போகவில்லை. பின்னாளில் ஸ்கவுட் ஆனார். 2009இல் ஏஞ்சல்ஸுக்காக வடகிழக்கு மாநிலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். மூன்று பேருமே ட்வின்ஸ் நிர்வாகத்தின் கீழ் இருந்துவிட்டு வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்: அப்பா, ஏரியா ஸ்கவுட், டைரக்டர்.

மோர்ஹார்ட் பார்த்தது பலத்தையும் வேகத்தையும் ஒரே உடம்பில். பொதுவாக இப்படித் தோள் அகன்ற பையன் வேகமாக ஓட மாட்டான், வேகமாக ஓடுகிறவனுக்கு அடியில் இந்தக் கனம் இருக்காது. இவனிடம் இரண்டும் இருந்தன. மோர்ஹார்ட் உச்ச மதிப்பெண் எழுதி அனுப்பினார். இப்படி எழுதுவது ஒரு ஸ்கவுட்டுக்கு ஆபத்தான காரியம். பழைய சிநேகிதனின் மகன் என்பதால் கண் மறைக்கிறது என்று மேலே நினைத்துவிடலாம். தவறிப்போனால் அடுத்த பத்து வருஷம் அவர் எழுதுகிற எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள்.

மற்ற அணிகளுக்கும் ட்ரவுட்டைத் தெரியும். தெரியாமல் போன பையன் இல்லை அவன். தயங்கியதற்குக் காரணம் ஊர். வசந்தத்தில் நியூ ஜெர்சி குளிரும். மழையில் ஆட்டம் ரத்தாகும். ஸ்கவுட் விமானம் ஏறி வந்து, அன்றைக்கு ஆட்டம் இல்லை என்று திரும்பிப் போவார். ஆட்டம் நடந்தாலும் எதிரே பந்து போடுகிற பையன்கள் வேகம் குறைந்தவர்கள். அவர்களை அடித்து நொறுக்கியதை வைத்து என்ன தெரியும்? அதுவும் ட்ரவுட் ஷார்ட்ஸ்டாப் என்ற உள்மைதான இடத்திலிருந்து வெளிமைதானமான அவுட்ஃபீல்டுக்கு மாறி ஒரு வருஷம்தான். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா பையன்களைப் பற்றிப் பேசும்போது இருக்கிற உறுதி, குளிர் மாநிலத்துப் பையனைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் வருவதில்லை.

பெய்ன் தன் பலகையில் ட்ரவுட்டை இரண்டாவது இடத்தில் வைத்தார். நாட்டிலேயே இரண்டாவது. அவனுக்கு மேலே இருந்தது ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் மட்டும், அந்த வருஷம் எல்லாருமே முதலிடம் கொடுத்த பிட்ச்சர்.

எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மிக முக்கியமான தருணம் இதுதான். கீழே நிற்கிற ஒரு மனிதர், பையனைப் பலமுறை பார்த்தவர், உறுதியாகச் சொல்கிறார். மேலே இருப்பவர் தானும் போய்ப் பார்த்துவிட்டு, கூட்டத்தின் கருத்தைக் கொண்டு அந்த உறுதியில் தண்ணீர் கலக்காமல் அப்படியே பலகையில் ஏற்றுகிறார். பல நிறுவனங்களில் இந்த இடத்தில்தான் நல்ல கணிப்புகள் செத்துப்போகின்றன. இரண்டு எண்ணையும் கூட்டி வகுத்து, பாதுகாப்பான ஒரு நடுவாந்திர எண்ணைப் போட்டுவிடுவார்கள். பெய்ன் அப்படிச் செய்யவில்லை.

ஜூன் 9, 2009

டிராஃப்ட் நியூ ஜெர்சியின் சிகாகஸ் நகரில் எம்.எல்.பி. நெட்வொர்க் ஸ்டுடியோவில் நடந்தது. அழைப்பை ஏற்று நேரில் வந்திருந்த ஒரே ஆட்டக்காரன் ட்ரவுட். மில்வில்லிலிருந்து காரிலேயே வந்துவிடுகிற தூரம். கமிஷனர் பட் சீலிக் மேடைக்கு வந்து பெயர் படிப்பார், போவார், மறுபடி வருவார். வாஷிங்டன் முதலில் ஸ்ட்ராஸ்பர்கைச் சொன்னது. சியாட்டில் டஸ்டின் ஆக்லி. சான் டியேகோ டோனவன் டேட். பிட்ஸ்பர்க் டோனி சான்செஸ். ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று போனது. ஓக்லண்ட் 13இல் கிராண்ட் கிரீன். அரிசோனாவுக்கு 16, 17 என்று அடுத்தடுத்து இரண்டு. இரண்டும் வேறு பையன்கள்.

அந்த நேரத்தில் பெய்னின் அறையில் என்ன வேதனை இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பலகையில் இரண்டாவதாக ஒட்டியிருக்கும் பெயர் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த பெயர்ப் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. செய்வதற்கு ஒன்றும் இல்லை. யாருடனும் இடம் மாற்றிக்கொள்ள முடியாது. பேஸ்பால் டிராஃப்டில் அப்போது அதற்கு அனுமதி கிடையாது. இருபத்து மூன்று பெயர்கள் படிக்கப்படும் வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

24ஆவதாக ஏஞ்சல்ஸ் சொன்ன பெயர் ராண்டல் கிரிச்சக், டெக்சஸ் பள்ளிப் பையன். இதைப் பிடித்துக்கொண்டு, ஏஞ்சல்ஸே ட்ரவுட்டை ஒரு தடவை விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு தேர்வும் ஒரே அணியுடையதாக இருக்கும்போது எந்தப் பெயர் முதலில் என்பதில் ஒன்றும் இல்லை. நடுவில் யாரும் நுழைய முடியாது. 25ஆவதாக ட்ரவுட். யாங்கீஸின் டைரக்டருக்கும் அவன்மேல் கண் இருந்தது. அவர்களிடம் இருந்தது 29. அந்தக் குளிர்காலத்தில் பெரிய ஃப்ரீ ஏஜென்ட்களை வாங்காமல் இருந்திருந்தால் 25 அவர்களுடையது.

40இல் சான்டா மோனிகா பள்ளியின் இடதுகைப் பிட்ச்சர் டைலர் ஸ்காக்ஸ். 42இல் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் காரெட் ரிச்சர்ட்ஸ். ரிச்சர்ட்ஸின் கல்லூரிக் கணக்கு மோசம், ரன்களை வாரிக் கொடுத்தவன். எண்ணை மட்டும் பார்க்கிறவர் தொட மாட்டார். கையின் வேகத்தைப் பார்க்கிறவர்தான் எடுப்பார். 48இல் எடுத்த டைலர் கெரர் மேஜர் லீக் வரவில்லை. இரண்டாம் சுற்றில் 80ஆவதாக, ஃபுளோரிடாவின் சிப்போலா கல்லூரியிலிருந்து பாட்ரிக் கார்பின்.

ட்ரவுட் 12 லட்சத்து 15 ஆயிரம் டாலருக்குக் கையெழுத்திட்டான்.

அந்த வருஷம் ஏஞ்சல்ஸ் எப்படிப்பட்ட மனநிலையில் இந்த டிராஃப்டுக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான், ஏப்ரல் 8 இரவு, 14ஆவது சுற்றில் எடுத்த அந்த ஏடன்ஹார்ட் ஓக்லண்டுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் போட்டான். வயது 22. நள்ளிரவு தாண்டி, குடித்துவிட்டு ஓட்டிய ஒருவனின் வண்டி மோதி இறந்துபோனான். முழங்கை கிழிந்த பையனை நம்பிக் காத்திருந்த ஐந்து வருஷம் பலித்தது அந்த ஒரு ராத்திரிக்குத்தான்.

அனுப்பியது எப்போது

2010இல் ட்ரவுட் மைனர் லீக்கின் கீழ்ப்படிகள் இரண்டில் .341 மட்டைச் சராசரி, 56 திருட்டு பேஸ் (பிட்ச்சர் அசரும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). ஜூலையில் மைனர் லீக்கின் சிறந்த பையன்கள் ஆடும் ஃப்யூச்சர்ஸ் கேம் அனஹைமிலேயே நடந்தது. அணியின் சொந்த மைதானத்தில், முதலாளியின் கண்முன்னாலேயே பையன் ஓடினான். ஆக, யாருக்கும் தெரியாமல் போயிற்று என்ற பேச்சுக்கு இடமில்லை.

அதே ஜூலையில் ஏஞ்சல்ஸ் அரிசோனாவிடமிருந்து டான் ஹேரனை வாங்கியது. கொடுத்த ஆட்களில் ஸ்காக்ஸும் கார்பினும் இருந்தார்கள். 2009 தேர்வுகள் ஒரு வருஷத்திலேயே செலாவணி நாணயம் ஆகிவிட்டன. இதுவும் ஒரு டைரக்டர் தன் அணிக்குக் கொடுக்கிற வருமானம்தான். ஆனால் அவர் பெயரில் யாரும் வரவு வைப்பதில்லை.

மேஜர் லீக் அணி அந்த வருஷம் 80 வெற்றி, 82 தோல்வி. 2003க்குப் பிறகு முதல் தடவையாகத் தோல்விகள் அதிகம். செப்டம்பரில் பெய்னை அனுப்பினார்கள்.

அவருடைய கடைசி டிராஃப்டைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2010இலும் ஏஞ்சல்ஸிடம் மேலே ஐந்து தேர்வு: 18, 29, 30, 37, 40. கேலப் கவர்ட், கேம் பெட்ரோசியன், செவெஸ் கிளார்க், டெய்லர் லிண்ட்சே, ரயன் போல்டன். பெட்ரோசியன் மட்டும் சில வருஷம் உருப்படியாகப் பந்து போட்டார், மற்றவர்கள் தேறவில்லை. 2009 மாதிரியே வாய்ப்பு, அதே மனிதர், அதே முறை, விளைச்சல் இல்லை. அந்த வருஷத்தின் நல்ல தேர்வு எட்டாவது சுற்றில் இருந்தது: பெய்னின் பழைய பல்கலைக்கழகமான அரிசோனா ஸ்டேட்டின் கோல் கால்ஹூன். 2015இல் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் விருது வாங்கியவர்.

அப்படியானால் 2009 அதிர்ஷ்டம்தானா? பாதி ஆம். டெஷேரா ஏஞ்சல்ஸுக்கு வந்தது, போனது, தரவரிசையில் சபாத்தியாவை முந்தியது, 21 அணிகள் தயங்கியது, எதுவும் பெய்னின் கையில் இல்லை. அவர் கையில் இருந்தது பலகை மட்டும். அதே 25 இன்னொரு டைரக்டரிடம் போயிருந்தால், அவர் பலகையில் ட்ரவுட் நாற்பதாவதாக இருந்திருந்தால், அன்று வேறு பெயர் படிக்கப்பட்டிருக்கும். மழை யார் நிலத்திலும் பெய்யும். விதைத்து வைத்திருந்தது அவர்.

அதனால்தான் என் தீர்ப்பு இது: அவரை வைத்திருக்கலாமா, அனுப்பலாமா என்று 2010இல் முடிவு செய்ய விரும்பியவர்கள் மேஜர் லீக் வெற்றி தோல்வியைப் பார்த்திருக்கக் கூடாது. பழைய பலகைகளை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். 2004இல், 2006இல் அவர் யாரை எந்த இடத்தில் வைத்தார், ஊரோடு எங்கே ஒத்துப்போனார், எங்கே விலகினார், விலகிய இடங்களில் யார் சரி என்று பார்த்தால் மனிதரின் கண் தெரிந்திருக்கும்.

ஏஞ்சல்ஸ் அடுத்து பழைய வழிக்கே திரும்பியது. ஆல்பர்ட் பூஹோல்ஸ், சி.ஜே. வில்சன் என்று பெரிய பெயர்களை வாங்கியதில், 2012இல் அவர்களின் முதல் தேர்வு 114ஆவது இடத்தில்தான் வந்தது. ட்ரவுட் ஆடிய இத்தனை வருஷத்தில் அணி பிளே-ஆஃப் போனது 2014இல் ஒரே தடவை. பக்கத்தில் நிற்க ஆள் வளர்க்கவில்லை. பெய்ன் பிறகு பாஸ்டன் ரெட் சாக்ஸில் ஸ்கவுட்டாகச் சேர்ந்து தனக்குத் தெரிந்த வேலையைத் தொடர்ந்தார்.

பத்து வருஷம் கழித்து

2009 தேர்வுகளின் கணக்கைப் பார்க்க 2019தான் சரியான வருஷம்.

மார்ச் மாதம் ட்ரவுட் ஏஞ்சல்ஸுடன் 12 வருஷம், 42 கோடியே 65 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டான். நவம்பரில் மூன்றாவது முறையாக எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது வாங்கினான். கிரிச்சக் டொராண்டோவுக்காக அந்த சீசன் 31 ஹோம் ரன். ரிச்சர்ட்ஸ் முழங்கை அறுவைக்குப் பிறகு சான் டியேகோவில் செப்டம்பரில் மறுபடி பந்து போட ஆரம்பித்தார். அக்டோபர் 30 அன்று ஹூஸ்டனில் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் கார்பின் நடுவில் வந்து மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் போட, அந்த ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டது. வாஷிங்டனுக்குக் கோப்பை.

ஸ்காக்ஸ் 2013 டிசம்பரில் இன்னொரு வியாபாரத்தில் ஏஞ்சல்ஸுக்கே திரும்பியிருந்தார். மைனர் லீக்கில் ட்ரவுட்டின் அறைத் தோழர் அவர். 2019 ஜூலை 1 அன்று டெக்சஸில் அணி தங்கியிருந்த ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 27.

ஜூலை 12 அன்று ஏஞ்சல்ஸ் சொந்த மைதானத்துக்குத் திரும்பியது. மறுநாள் ஸ்காக்ஸின் பிறந்தநாள். அணியில் எல்லாரும் அவருடைய 45ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். அவருடைய அம்மா முதல் பந்தை எறிந்தார். முதல் இன்னிங்ஸிலேயே ட்ரவுட் ஹோம் ரன் அடித்தான். டெய்லர் கோலும் ஃபீலிக்ஸ் பேன்யாவும் சேர்ந்து சியாட்டிலுக்கு எதிராக நோ-ஹிட்டர் போட்டார்கள். 13-0. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் சட்டையைக் கழற்றி, பிட்ச்சர் நிற்கும் மேட்டில் விரித்து வைத்தார்கள். மேடு முழுக்கச் சிவப்புச் சட்டை மூடிக் கிடந்தது.